முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகி ஏழு வாரம்: இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார், என்ன பார்க்க வேண்டும்?

வடக்குவாசல் (கேள்வி)

அம்மாவுக்கு வயது 67. வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் முடிகிறது. தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது, காய்ச்சல் இல்லை. வாக்கரை விட்டு ஸ்டிக்குக்கு வந்தாயிற்று. வீட்டுக்குள் நடக்கிறார், ஆனால் வலது பக்கம் சாய்ந்து, தாங்கித் தாங்கித்தான்.

போன வாரம் ஃபிசியோ அளந்தபோது, பிடித்து மடக்கினால் 88 டிகிரி. நீட்டினால் முழுசாக நேராகவில்லை, 8 முதல் 10 டிகிரி குறைகிறது. காலையில் வீக்கம் கம்மி, சாயங்காலம் முட்டி உருண்டுவிடுகிறது. நடக்கும்போது உள்ளே 'டக் டக்' என்று சத்தம். வெளிப்பக்கத் தோலில் ஓரிடம் மரத்துப்போன மாதிரி இருக்கிறதாம். இடது முட்டியும் தேய்மானம்தான், அதற்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

எல்லோரும் மடக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். 120 வந்தால்தான் ஆபரேஷன் வெற்றி என்கிறார்கள். நான் கேட்பது: நடை சீராக எந்த அளவு முக்கியம்? சத்தமும் மரத்துப்போவதும் கவலைப்பட வேண்டிய விஷயமா? ஒரு வருஷம் கழித்து எப்படி இருப்பார் என்று எதிர்பார்க்கலாம்?

தசைநாண்

நீங்கள் கொடுத்த எண்களில் நடையைக் கெடுப்பது 88 இல்லை, அந்த 8–10 தான்.

சமதளத்தில் நடக்க, கால் காற்றில் முன்னே வரும்போது முட்டி 60 முதல் 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற 85 பக்கம், படி இறங்க 90க்கு மேல், சாதாரண உயர நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 95–105. தரையில் உட்கார்ந்து எழுவதற்குத்தான் அதற்கும் மேலே வேண்டும். ஆக, அம்மாவின் 88 நடப்பதற்குத் தாராளம்.

நீட்டல் குறைந்தால் கதை வேறு. கால் முழுசாக நேரானால் எலும்பின் மேல் எலும்பு நின்று உடம்பைத் தாங்கும், தொடைத்தசைக்கு அதிக வேலை இல்லை. 10 டிகிரி மடங்கியே நின்றால், நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்தாக வேண்டும். அந்தத் தசை இப்போது பாதி பலம்கூட இல்லாமல் இருக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் முன்தொடைத் தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழப்பது வழக்கம். போதாக்குறைக்கு, மடங்கிய கால் குட்டையான கால். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு அந்தப் பக்கம் இறங்கும். நீங்கள் பார்க்கும் சாய்வில் பாதி இதுதான்.

முதலில் ஒரு சோதனை. அம்மாவைக் கெட்டியான படுக்கையில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். குதிகாலை நீங்கள் தாங்கிப் பிடித்து, தொடையை முழுசாகத் தளர்த்தச் சொல்லிவிட்டு, முட்டி எவ்வளவு நேராகிறது என்று பாருங்கள். பிறகு அவரே காலை நேராகத் தூக்கட்டும். நீங்கள் பிடித்தால் நேராகிறது, அவர் தூக்கினால் மடங்குகிறது என்றால் குறை தசையில். நீங்கள் பிடித்தாலும் நேராகவில்லை என்றால் முட்டிக்குப் பின்பக்கம் இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பல வீடுகளில் இதைப் பிரித்துப் பார்க்காமலே மாசக்கணக்கில் ஏதோ ஒரு பயிற்சி நடக்கிறது.

பின்பக்கம் இறுக்கம் என்றால்: மடித்த துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டிக்கு அடியில் எதுவும் இல்லாமல் அந்தரத்தில் விடுங்கள். கால்விரல் கூரையைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் சரியக் கூடாது. 5 நிமிடத்தில் ஆரம்பித்து 10 நிமிடம் வரை, நாளைக்கு நாலைந்து தடவை. மெல்லிய இழுப்பு இருக்கும், குத்துகிற வலி இருக்கக் கூடாது. கொஞ்ச இழுப்பை ரொம்ப நேரம் கொடுப்பதுதான் இதில் வேலை செய்யும்.

தசைக் குறை என்றால்: அதே நிலையில் முட்டியைப் படுக்கையை நோக்கி அமுக்கி, முன்தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விட வேண்டும். 10 தடவை ஒரு செட், நாளைக்கு மூன்று நான்கு செட். தொடையின் உள்பக்கம், முட்டிச் சிப்பிக்குக் கொஞ்சம் மேலே, விரலை வைத்துப் பார்த்தால் தசை எழும்புவது தெரிய வேண்டும். எழும்பவே இல்லை என்றால், உள்ளே வீக்கம் இருக்கும்வரை நரம்பு அந்தத் தசையை அடக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஃபிசியோவிடம் மின்தூண்டல் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

தூங்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறாரா? வைத்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், பகலில் நீட்டியதை ராத்திரி எட்டு மணி நேரம் திரும்ப மடக்கி வைக்கிறது.

88ஐ ஒரேயடியாக ஒதுக்கவும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் தாண்டியும் 90 வரவில்லை என்றால் சர்ஜனுக்குத் தெரிய வேண்டும். மயக்கம் கொடுத்து மடக்கி ஒட்டல்களை விடுவிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். அதற்கப்புறம் தழும்புத் திசு கெட்டிப்பட்டுவிடும். இப்போதே தேவை என்று சொல்லவில்லை, அடுத்த இரண்டு வாரத்தில் எண் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரும்புமனம்

எனக்குத் தெரிந்தவரை மடக்கும்போது கத்துகிற அளவு வலித்தால்தான் பலன். யாராவது காலைப் பிடித்து அழுத்தி மடக்க வேண்டும். பயந்தால் முட்டி கட்டையாகிவிடும். 120 வராமல் விடாதீர்கள்.

தசைநாண்

@இரும்புமனம், முதல் இரண்டு வாரம் சோம்பலாக இருக்கக் கூடாது என்ற அளவில் ஒத்துக்கொள்கிறேன். ஏழாவது வாரத்தில் ஒருத்தர் கத்த இன்னொருத்தர் அழுத்துவது எதிர்வேலை செய்யும். வலியில் பின்தொடையும் முன்தொடையும் ஒரே நேரத்தில் இறுகும், உள்ளே நீர் கோர்க்கும், மறுநாள் 88 இருந்தது 82 ஆகும். அப்புறம் இன்னும் அழுத்துவார்கள்.

வலி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, அவரே மடக்கட்டும். வழுக்கும் தரையில் உறை போட்ட பாதத்தை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி பின்னுக்கு இழுத்து, இனி முடியாது என்ற இடத்தில் 15–20 விநாடி நிறுத்தணும். பாதத்தை அசைக்காமல் இடுப்பை நாற்காலியில் முன்னுக்கு நகர்த்தினால் இன்னும் கொஞ்சம் மடங்கும். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் இருந்தால் சீட்டை உயரமாக வைத்து, முழுச் சுற்று வராவிட்டாலும் முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். சீட்டைப் பொறுத்து, சுமார் 105 டிகிரி வரும்போது முழுச் சுற்று தானாகவே வரும்.

அளவுகோல் ஒன்று: தையல் டேப்பால் முட்டிச் சிப்பியின் நடுவில் சுற்றளவு எடுங்கள், தினமும் காலையில் எழுந்ததும். நேற்றுக் காலையைவிட இன்று காலை கூடியிருந்தால் நேற்றுப் பயிற்சி அதிகம், இன்று பாதியாகக் குறைக்க வேண்டும். சாயங்கால வீக்கத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது எல்லோருக்கும் வரும்.

120 என்பது ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதைப் பொறுத்தது. முன்பு 100 தான் மடங்கியது என்றால் 120ஐக் கனவு காண்பதில் அர்த்தமில்லை.

வடக்குவாசல்

ரொம்ப நன்றி. தலையணை வைக்கிறார், ஆமாம். சோதனை செய்து பார்த்தேன், நான் பிடித்தாலும் நாலு விரல் உள்ளே போகிற இடைவெளி முட்டிக்கு அடியில் இருக்கிறது, அவர் தூக்கினால் இன்னும் கொஞ்சம் மடங்குகிறது. இரண்டும் இருக்கிறது போல. இன்னொன்று, ஸ்டிக்கை வலது கையில்தான் பிடிக்கிறார், வலி அந்தப் பக்கம் என்பதால். சரிதானே?

ஓரடி

இல்லை, ஸ்டிக் இடது கையில் வர வேண்டும். ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க் கை. வலது காலும் ஸ்டிக்கும் ஒன்றாக முன்னே போகும், பிறகு இடது கால். வலது கையில் பிடித்தால் ஊன்றும்போது உடம்பே வலது பக்கம் சாயும், மூட்டின் மேல் பாரமும் குறையாது. சாய்வின் மீதிப் பாதி இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உயரத்தையும் பாருங்கள். வீட்டில் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை 20–30 டிகிரி மடங்கும். அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் மாற்றுங்கள்.

நடையில் பழைய பழக்கம் ஒன்று ஒளிந்திருக்கும். வருஷக்கணக்கில் வலித்த காலை மனிதர்கள் மடக்காமல் கட்டை போல ஊன்றக் கற்றுக்கொள்கிறார்கள். மூட்டு மாறியும் அந்தப் பழக்கம் மாறுவதில்லை. சரியான அடியில் குதிகால் முதலில் தரையைத் தொடும், பாரம் இறங்கும்போது முட்டி 15 டிகிரி போல மெல்ல மடங்கி அதிர்ச்சியை வாங்கும், பிறகு நேராகும், கடைசியில் பெருவிரலால் தள்ளும்போது மறுபடி மடங்கும். ஊன்றும்போது மடங்குகிறதா என்று பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நேரில் பார்த்தால் தெரியாதது அதில் தெரியும்.

இதைச் சரிசெய்ய: சமையல் மேடை மாதிரி உறுதியான எதையாவது இரண்டு கையாலும் பிடித்து நின்று, வலது குதிகாலை ஓரடி முன்னே வைத்து, பாரத்தை மெதுவாக அதற்கு மாற்றி, முட்டியைக் கொஞ்சம் மடங்கவிட்டு, திரும்ப நேராக்குவது. இதை மட்டும் இருபது தடவை, நாளைக்கு இரண்டு வேளை. ஐந்து நிமிடம் கவனமாக இதைச் செய்வது, அரை மணி நேரம் சாய்ந்து சாய்ந்து நடப்பதைவிட மேல். தப்பான நடையை நீளமாக நடந்தால் தப்புதான் பலப்படும்.

பாரம் சரியாகப் பகிர்கிறதா என்று தெரிய, ஒரே மாதிரி இரண்டு எடை மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலாக நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். முதலில் கீழே பார்க்காமல் நிற்கட்டும், பிறகு எண்ணைக் காட்டுங்கள். 'சமமாகத்தான் நிற்கிறேன்' என்று சொல்பவர்கள் பலர் எட்டு பத்து கிலோ நல்ல காலில் போட்டிருப்பார்கள். நாற்காலியிலிருந்து எழும்போதும் இதே திருட்டு நடக்கும்: வலது பாதத்தை முன்னே தள்ளி வைத்து, இடது காலால் எழுவது. இரண்டு பாதமும் ஒரே கோட்டில், உயரமான நாற்காலியில் ஆரம்பித்து, வாரம் செல்லச் செல்ல உயரத்தைக் குறைக்க வேண்டும்.

படிக்கட்டில்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். ஒரு படிக்கு இரண்டு பாதமும் சேர வேண்டும், கைப்பிடி கட்டாயம். மாற்றி மாற்றிக் கால் வைப்பதற்கு அவசரம் வேண்டாம். கீழ்ப்படியில் நின்று, வலது காலை மட்டும் ஊன்றி, கையால் இழுக்காமல் உடம்பைத் தூக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். இறங்குவது கடைசியாகத்தான் வரும், மாசக்கணக்கில் ஆகலாம்.

ஸ்டிக்கை எப்போது விடலாம்? அது இல்லாமல் சாயாமல் நடக்க முடிகிற இடத்தில் மட்டும். முதலில் வீட்டுக்குள், அப்புறம் வெளியே. கூச்சப்பட்டு முன்கூட்டியே விடுபவர்கள்தான் சாய்வை நிரந்தரமாக்கிக்கொள்கிறார்கள்.

இடது முட்டியும் மோசம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. வலது கால் வளைந்திருந்து இப்போது நேராக்கப்பட்டிருந்தால், அது கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி தோன்றும். பெரும்பாலும் சில மாதத்தில் பழகிவிடும். அவசரப்பட்டு இடது செருப்பில் தடிப்பு வைக்காதீர்கள்.

எலும்புவார்டு

சத்தம், மரத்துப்போவது, சூடு, இந்த மூன்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

உள்ளே இருப்பது தொடை எலும்பின் நுனியில் உலோகத் தொப்பி (பெரும்பாலும் கோபால்ட் குரோம்), கீழெலும்பின் மேல் உலோகத் தட்டு, நடுவில் கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். சில சமயம் முட்டிச் சிப்பியின் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டு விலகினால் சத்தம் வரும். வலி இல்லாத 'டக்' எதுவும் செய்யாது. தசை பலப்பட்டால் குறையும், சிலருக்குக் குறையாது. மடக்கிய காலை நீட்டிக்கொண்டு வரும்போது, 30–45 டிகிரி பக்கத்தில் சிப்பிக்கு மேலே வலியோடு மாட்டி விடுகிற மாதிரி இருந்தால் மட்டும் சர்ஜனிடம் சொல்லுங்கள்.

வெளிப்பக்கம் மரத்துப்போவது, முன்பக்கக் கீறலில் ஒரு சின்னத் தோல் நரம்பு அறுபடுவதால். நடைக்கும் பலத்துக்கும் இதில் சம்பந்தமில்லை. அந்த இடம் மாதங்கள் போகப் போகச் சுருங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் ஐஸ் பேக்கைத் துணி சுற்றாமல் வைக்காதீர்கள், தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. 15–20 நிமிடம் போதும். அப்போது கால் இதயத்தைவிட உயரமாக இருக்கட்டும். தலையணையை முட்டிக்கு வைக்காமல் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் வையுங்கள். மற்ற முட்டியைவிட இது சூடாக இருப்பது ஆறு மாதம் வரைகூட நீடிக்கும்.

எதற்கு உடனே ஓட வேண்டும்: காய்ந்த தையலிலிருந்து மறுபடி நீர் கசிவது; நாளுக்கு நாள் பரவும் சிவப்பு; குளிர் காய்ச்சல்; ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கி வலிப்பது; மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சுவலி. கடைசி இரண்டும் ரத்தக்கட்டி சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். மூச்சுத் திணறலுக்கு நேரே அவசர சிகிச்சைதான், போன் செய்து அப்பாயின்ட்மென்ட் கேட்கிற விஷயமில்லை.

ஒரு எச்சரிக்கை. கசிவையோ சிவப்பையோ பார்த்துவிட்டு, பக்கத்து மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடக் கூடாது. மூட்டுக்குள்ளிருந்து ஊசியால் நீர் எடுத்து எந்தக் கிருமி என்று பார்ப்பதற்கு முன்பு மாத்திரை போனால், கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் தெரியாமல் போகும். கிருமி மட்டும் உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து உட்கார்ந்திருக்கும். இப்படிப் போய் மூட்டையே கழற்ற வேண்டி வந்த கேஸ்கள் உண்டு.

பின்னால் வரக்கூடிய வலியையும் தன்மையை வைத்துப் பிரிக்கலாம். உட்கார்ந்து எழுந்து முதல் சில அடிகளில் மட்டும் வலித்து, வருஷங்கள் கழித்துத் தொடங்கினால், பாகம் தளர்கிறதா என்று பார்ப்பார்கள். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து ஒருநாளும் விடாமல், ஓய்விலும் வலித்தால் கிருமியைச் சந்தேகிப்பார்கள். படி இறங்கும்போது முட்டி விட்டுப்போகிற மாதிரி இருந்தால், மூட்டின் இரு பக்கத் தசைநார்களின் சமநிலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்தொடையிலிருந்து முட்டிக்கு இறங்கும் வலி என்றால் இடுப்பு மூட்டையும் முதுகையும் பார்க்காமல் முட்டியைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு வருஷம் கழித்து: பெரிய முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில், மீதி மெதுவாக ஒரு வருஷம் வரை. சமதளத்தில் வலியில்லாத நடை, கடைக்குப் போய் வருவது, கைப்பிடியோடு படி, இவை பெரும்பாலோருக்குக் கிடைக்கும். முட்டி போட்டு உட்கார்வது மூட்டைக் கெடுக்காது, ஆனால் தழும்பின் மேல் பாரம் விழுவதால் பலருக்குப் பிடிப்பதில்லை. ஓட்டம், குதித்தல் வேண்டாம். நீச்சல், சைக்கிள், நடை நல்லது. ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி இல்லை என்று சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு மூட்டில் கோளாறு இருக்காது, எதிர்பார்ப்பு வேறாக இருந்திருக்கும். மூட்டின் ஆயுளைப் பொறுத்தவரை, முழு மாற்று மூட்டுகளில் பத்தில் எட்டுக்கு மேல் 25 வருஷம் தாண்டியும் மறு ஆபரேஷன் இல்லாமல் இருக்கின்றன.

வடக்குவாசல்

ஸ்டிக் கை மாற்றியதிலேயே சாய்வு குறைகிறது, வீடியோவில் தெரிகிறது. ராத்திரி வலிதான் பாக்கி. தலையணையை எடுத்ததும் தூக்கம் வரவில்லை என்கிறார். பக்கவாட்டில் படுக்கலாமா?

தசைநாண்

படுக்கலாம். இடது பக்கம் சாய்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளமான தலையணை. முட்டிக்கு மட்டும் சின்னத் தலையணை வைத்தால் கணுக்கால் தொங்கி மூட்டு முறுக்கும். பக்கவாட்டில் கொஞ்சம் மடங்கத்தான் செய்யும், பரவாயில்லை, தூக்கமும் வேண்டும். படுக்கும் முன் 10 நிமிடம் ஐஸ், பிறகு 10 நிமிடம் குதிகால் துண்டு. காலையில் எழுந்ததும் நடப்பதற்கு முன் இன்னொரு 10 நிமிடம் குதிகால் துண்டு. கடைசிப் பயிற்சியைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைக்காதீர்கள், ராத்திரி வலிக்குப் பல சமயம் அதுதான் காரணம். இந்த வயதில் பன்னிரண்டு வாரம் வரை ராத்திரி வலி இருந்தாலும், வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தால் சரி.

சர்ஜனைப் பார்க்கும்போது மூன்று எண் எழுதி எடுத்துப் போங்கள்: பிடித்து நீட்டினால் எவ்வளவு குறை, அவரே மடக்கினால் எவ்வளவு, காலைச் சுற்றளவு. ஏழு, எட்டு, ஒன்பதாவது வாரம் என்று மூன்று வரிசை இருந்தால், மயக்கம் கொடுத்து மடக்குவதா வேண்டாமா என்று அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.